புள்ளி வைத்த இடத்தில் மட்டும்

அந்த அம்மாவின் கணவர் வார்டு வாசலில் என்னை மறித்துக்கொண்டு கும்பிட்டபோது எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவகிட்ட எதையும் சொல்லிடாதீங்க."

என் கையில் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே பழகிப் பார்க்கும் பைகள் நாலைந்து, வளைந்த கத்தரிக்கோல், அளவு அட்டை, அழியாத மைப் பேனா. மறுநாள் காலை ஏழரைக்கு அந்த அம்மாவுக்கு ஆபரேஷன். மலக்குடலின் அடியில் புற்றுநோய். கட்டியோடு சேர்த்து ஆசனவாயையும் எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தைத்து மூடிவிடுவார்கள். மிச்சமிருக்கும் குடலின் முனையை வயிற்றில் துளை போட்டு வெளியே கொண்டுவந்து வைப்பார்கள். அதற்குப் பெயர் ஸ்டோமா. அதன்மேல் ஒரு பையை ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மாதம், இரண்டு மாதத்துக்கு அல்ல. ஆயுசுக்கும்.

அதோடு வாழ்வது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு வருடமாக இதே வேலை. ஆஸ்பத்திரியில் என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, 'பை சிஸ்டர்' என்றால்தான் தெரியும். நான் கத்துகிற நாட்களில் பின்னால் ஒரு 'த்தியம்' சேர்த்துக்கொள்வார்கள் என்பதும் என் காதுக்கு வந்திருக்கிறது.

"அவங்ககிட்ட என்னன்னு சொல்லி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"மூலம் மாதிரி ஒரு கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்னு..."

"பை வைக்கப்போறது?"

"அது... முழிச்சதுக்கப்புறம் மெதுவா, பக்குவமா எடுத்துச் சொல்லலாம்னு."

"முழிச்சதும் அவங்களே குனிஞ்சு பாத்துக்குவாங்களே சார். அதுக்கு மேல நீங்க என்ன பக்குவமா சொல்லப்போறீங்க?"

ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. அச்சகத்தில் பிழை திருத்துகிறவராம். ஊரார் பிழையை எல்லாம் திருத்துகிறவர் வீட்டில் இவ்வளவு பெரிய பிழையை வைத்துக்கொண்டு நிற்கிறாரே என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்றால், காவலாளி வேலை பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால், முன்கூட்டி யாரும் என்னிடம் அனுப்பாமல் ஆபரேஷன் முடித்து, பையோடு என் அறைக்கு வந்தவர். ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து படுத்திருக்கும் வயிறு வேறு, எழுந்து உட்காரும் வயிறு வேறு. படுத்திருந்தபோது சமமாகத் தெரிந்த இடத்தில் டாக்டர் துளை போட்டுவிட்டார். அவர் உட்கார்ந்தால் அது மடிப்புக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அவர் கண்ணுக்கே தெரியாது. எந்தப் பையும் ஒட்டவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை ஒழுகி, சுற்றிலும் தோல் வெந்நீர் கொட்டியதுபோல் வெந்துவிட்டது. எட்டு மாதம் வாரம் தவறாமல் வந்தார். பிறகு வரவில்லை. போன் செய்தேன். "அப்பா ரூமை விட்டே வெளிய வர்றதில்ல சிஸ்டர்" என்றாள் மகள்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவரை உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்து, எங்கே மடிப்பு விழுகிறது, அவர் கண்ணுக்கு எந்த இடம் தெரிகிறது என்று பார்த்து ஒரு புள்ளி வைத்திருந்தால் போதும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை எனக்கு யாரும் தரவில்லை. அதற்கப்புறம் நான் யார் அனுப்புவார்கள் என்று காத்திருப்பதை விட்டுவிட்டேன். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒட்டும் பட்டியலை நானே போய்ப் பார்த்து, நானே வார்டுக்குப் போய்விடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் போயிருந்தேன்.

"யாரு அங்க? வாசல்ல நின்னுக்கிட்டு என்ன பஞ்சாயத்து?"

உள்ளேயிருந்து வந்த குரலுக்கு வார்டே திரும்பிப் பார்த்தது. சந்தடியான தெருவில் இருபது வருடம் கத்திப் பழகிய குரல். அந்த அம்மா டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஐம்பத்திரண்டு வயது, கட்டையான உடம்பு, வெயிலில் கறுத்த முன்கை. பழகுகிறவர்கள் எல்லாரும் அவரை 'பிரேக் டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார்களாம். அவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் அதுதான்.

கணவர் என் கையைப் பிடிப்பதுபோல் வந்தார். நான் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நாளைக்கு உங்களுக்கு என்ன செய்யப்போறாங்கன்னு சொன்னாங்களாக்கா?" என்று கேட்டேன்.

"கட்டி எடுக்கறாங்க. பொண்ணு சொன்னா. இங்க கையெழுத்துப் போடும்மான்னா, போட்டேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"கண்ணாடி வீட்டுல இருந்துச்சு." அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற கணவர் முகத்தைப் பார்த்தார். சாலையில் எதிரே வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். "என்ன விஷயம்? சுத்தி வளைக்காம சொல்லு."

சொன்னேன். காகிதத்தில் குடலை வரைந்து, எதை எடுப்பார்கள், எது மிஞ்சும், அது எங்கே வெளியே வரும் என்று காட்டினேன். புற்றுநோய் என்ற சொல்லை மெல்லாமல் விழுங்காமல் சொன்னேன். வெளியே வருகிற குடல் சின்னதாக, சிவப்பாக, கன்னத்தின் உட்பக்கம் மாதிரி ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது என்றேன். பெட்டியைத் திறந்து ஒரு பையை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

அவர் அந்தப் பையைத் தொடவில்லை. பெட்டியை ஒரே தள்ளு. கத்தரிக்கோல் பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

"வெளிய போ."

எழுந்தேன்.

"நீ இரு. அந்த ஆளை வெளிய போகச் சொன்னேன்." அவர் விரல் கணவரைக் காட்டியது. "எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

"அதில்லம்மா..."

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"மூணு வாரமா."

"மூணு வாரமா தெரிஞ்சுக்கிட்டே என்கூட உட்கார்ந்து சோறு தின்னீங்க, டிவி பாத்தீங்க, தூங்குனீங்க! எதுக்க லாரி வருதுன்னு தெரிஞ்சா, பக்கத்துல உட்கார்ந்து ஓட்டுற பொண்ணுகிட்ட நான் சொல்லாம இருப்பேனா? பயந்துடுவான்னு கண்ணைப் பொத்தி விடுவேனா? நானும் சேர்ந்துதானே சாவேன்?"

மகள் அப்போதுதான் கையில் பழக்கூடையோடு வந்தாள். வார்டில் நடப்பதைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. கூடையை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "யாரு உங்களைச் சொல்லச் சொன்னது?" என்றாள்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்," என்றார் அம்மா. "நாளைக்கு ஆபரேஷன் கிடையாது. என் துணியை எடு."

ஆபரேஷன் செய்யப்போகிற பெரிய டாக்டர் வந்தார். கை சுத்தம், வாய் சுருக்கம் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அவர் கைக்கு நானும் குறை சொல்ல மாட்டேன். அவர் முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"சிஸ்டர், கையெழுத்து வாங்கியாச்சு, பட்டியல் போட்டாச்சு. இப்ப வந்து எதுக்குக் குட்டையைக் குழப்புறீங்க?"

"எதுக்குக் கையெழுத்துப் போட்டோம்னே அவங்களுக்குத் தெரியாது டாக்டர். அது கையெழுத்தா?"

"அது குடும்பத்துக்கும் எனக்கும் உள்ள விஷயம்."

"வயிறு என்னுது டாக்டர்," என்றார் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எத்தனை நாள் தள்ளலாம்?"

அவர் தாடையைத் தடவினார். பொய் சொல்லத் தெரியாதவர், அதையும் சொல்லியாக வேண்டும். "ஒரு வாரத்துல பெருசா ஒண்ணும் ஆயிடாது. அதுக்கு மேல தள்ளக் கூடாது."

"அப்ப அடுத்த வாரம் இதே நாள் வரேன்."

அரை மணி நேரத்தில் அவர் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய்விட்டார். கணவரையும் மகளையும் ஏற விடவில்லை.

மறுநாள் காலை மகள் என் அறைக்கு வந்தாள். கதவைத் தட்டவில்லை. "அம்மா சாப்பிட மாட்டேங்குறாங்க, யார்கூடவும் பேச மாட்டேங்குறாங்க. அவங்க ஆபரேஷனுக்கே வராம இருந்து ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு. ஆபீஸ்ல புகார் எழுதிக் கொடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்." உண்மையிலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். பகல் ஒரு மணிக்கு எனக்கு மெமோ வந்தது: குடும்பத்தாரின் விருப்பத்துக்கு மாறாக நோயாளிக்கு அதிர்ச்சி தரும் தகவலைச் சொல்லி, ஆபரேஷன் தள்ளிப்போகக் காரணமானதற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

மெமோவை மேஜை இழுப்பறைக்குள் போட்டேன். அது என்னை வருத்தவில்லை. மகள் சொன்னதுதான் வருத்தியது. அவர் வராமலே போனால்? நியாயம் என் பக்கம் இருந்து, உயிர் அவருக்குப் போனால் அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அந்த இரண்டு நாளும் போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தேன். இதையெல்லாம் மூன்று வாரத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லாமல் விட்டதால்தானே கடைசி நாளில் என் தலையில் விழுந்தது என்று நினைக்கும்போது எல்லார்மேலும், என்மேலும், கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு அவர் வந்து நின்றார். கையில் கார் சாவி.

"அந்தப் பையைக் கொடு," என்றார்.

முகத்தில் சமாதானம் எதுவும் இல்லை. அடிக்கிற மாதிரியே நின்றார். நானும் அழகுபடுத்திப் பேசவில்லை. பையைக் கொடுத்தேன். அளவு பார்த்து அடித்தட்டில் ஓட்டை வெட்டுவது, தோலை வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவிடுவது, கீழிருந்து மேலாக ஒட்டிக் கையின் சூட்டில் அழுத்திப் பிடிப்பது, வாயைத் திறந்து காலி செய்துவிட்டு மூடுவது. ஒவ்வொன்றையும் அவரே செய்தார். இரண்டு பையைக் கோணலாக வெட்டி வீணாக்கினார். ஒவ்வொரு தடவையும் பையைத் திட்டினார், கத்தரிக்கோலைத் திட்டினார், என்னைத் திட்டினார்.

"நாறுமா?"

"ஒழுங்கா ஒட்டினா நாறாது. காலி பண்றப்ப நாறும். இப்ப மட்டும் என்ன மல்லிகைப்பூ வாசமா வருது?"

வாயோரம் லேசாகக் கோணியது. உடனே சரியாக்கிக்கொண்டார்.

"குளிக்கலாமா? எடை தூக்கலாமா? வண்டியில பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கொடுக்க முடியுமா? சத்தம் வருமா? அந்த ஆள்கூட ஒரே கட்டில்ல படுக்க முடியுமா? படுப்பேன்னு சொல்லலை, முடியுமான்னுதான் கேட்டேன்."

எல்லாவற்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். பிறகு நாற்காலியில் உட்கார வைத்து, நிற்க வைத்து, குனிய வைத்து, தொப்புளுக்கு இடப்பக்கம், கீழே, ஒரு புள்ளி வைத்தேன். அதன்மேல் ஒரு பையை ஒட்டி, கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடினேன். "ரெண்டு நாள் இதோட இருந்து பாருங்க. வேலைக்கும் போங்க. நாளைக்குத் திடீர்னு வந்து பயமுறுத்தாம, இப்பவே பழகிடும்."

இரண்டாம் நாள் சாயங்காலம் கதவு படாரென்று திறந்தது.

"உன் புள்ளி தப்பு!"

சட்டையின் முன்பக்கம் தொப்பலாக நனைந்திருந்தது. தண்ணீர்தான். ஆனால் அவர் முகம் அது தண்ணீர் இல்லை என்பதுபோல் இருந்தது. "நடுரோட்டுல, பக்கத்துல புதுசா பழகுற பொண்ணு உட்கார்ந்திருக்கா, பை பிச்சுக்கிச்சு. உள்ள இருந்தது வேறயா இருந்திருந்தா என் கதி என்ன?"

"எல்லாம் பாத்துத்தானேக்கா வெச்சேன்? உட்கார வெச்சுப் பாத்தேன்..."

"எங்க உட்கார வெச்ச? இந்த நாற்காலியில! இந்த நாற்காலியில உட்கார்ந்தா எனக்குச் சோறு கிடைக்குது? என் சீட்டுல வந்து பாரு."

சுருக்கென்று தைத்தது. பன்னிரண்டு வருட வேலை, நாற்காலி, கட்டில் தவிர வேறெதிலும் நான் யாரையும் உட்கார வைத்துப் பார்த்ததில்லை. பேனாவையும் துடைப்புத் துணியையும் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

கார் ஆஸ்பத்திரிக்குப் பின்புறம், சுவரைப் பார்த்து நின்றிருந்தது. கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து. அவர் டிரைவருக்கு இடப்பக்கம், தன் சீட்டில் ஏறிக்கொண்டார். அந்தப் பக்கத்திலும் அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். கண்ணாடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டு, கதவைப் பாதி திறந்து வைத்து, நான் தரையில் மண்டியிட்டேன்.

அவர் பெல்ட்டை மாட்டினார். இடுப்புப் பட்டை நேராக என் புள்ளியின்மேல் போய் உட்கார்ந்தது.

"இது ஒண்ணு. இன்னொண்ணு பாரு. கால் எப்பவும் பிரேக்குக்கு மேலேயே நிக்கும். அந்தப் பொண்ணு தடுமாறினா..." சட்டென்று வலப்பக்கம் சாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பினார். அந்தச் சாய்வில் வயிற்றில் புதிதாக ஒரு மடிப்பு விழுந்தது. நாற்காலியில் விழாத மடிப்பு. புள்ளி அதற்குள் முழுசாகப் புதைந்து போனது. "ஒரு நாளைக்கு நூறு தடவை இப்படி."

"இன்னொரு தடவை சாயுங்க," என்றேன்.

சாய்ந்தார். நிமிர்ந்தார். மறுபடி சாய்ந்தார். நான் மூன்று விரலை வைத்து அளந்து, பட்டைக்கு மேலே, மடிப்புக்கும் மேலே, தொப்புள் மட்டத்தையும் தாண்டிய இடத்தைத் தேடினேன். அங்கே அவர் சாய்ந்தாலும் சமமாக இருந்தது. குனிந்தால் அவர் கண்ணுக்கும் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி வாட்ச்மேன் வந்தார். "மேடம், இங்க டாக்டருங்க வண்டி மட்டும்தான் நிறுத்தணும்."

"உள்ள டாக்டர்தான் இருக்காங்க, போப்பா!" என்று துண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு அதட்டல். அவர் போய்விட்டார்.

பழைய புள்ளியை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தேன். அழியாமலிருக்க மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஒட்டுத்தாளை ஒட்டினேன். எழுந்தபோது முழங்காலெல்லாம் மண்.

"மன்னிச்சுக்குங்கக்கா. தப்பு என்னுதுதான்," என்றேன்.

"தெரிஞ்சா சரி," என்றார்.

ஆபரேஷன் அன்று காலை தியேட்டருக்கு வெளியே இருக்கும் அறையில் அவரைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். நானும் போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. பெரிய டாக்டர் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"இது என்ன இவ்வளவு மேல இருக்கு? யார் போட்டது?"

"நானும் அவங்களும் சேர்ந்து போட்டது, டாக்டர்."

"வழக்கமா வைக்கிற இடத்துல வெச்சுக்கறேன். இவ்வளவு மேல கொண்டுவரணும்னா குடலை உள்ள ஒட்டியிருக்கிற இடத்துலேருந்து இன்னும் கொஞ்சம் விடுவிக்கணும். அரை மணி நேரம் கூட ஆகும்."

"அந்த அரை மணி நேரத்தை மிச்சம் பிடிச்சா, இவங்க மிச்ச ஆயுசை நான் என் அறையில வெச்சுப் பாக்கணும் டாக்டர். அந்தக் காவலாளியைப் பாத்த மாதிரி. அவர் உங்க நோயாளிதான். ஞாபகம் இருக்கா?"

அறையில் இருந்த மயக்க மருந்து டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய டாக்டரின் காது சிவந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் தள்ளுவண்டியிலிருந்து குரல் வந்தது.

"டாக்டர் சார், புதுசா நான் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பாத்தீங்களா? கண்ணாடி போட்டு முழுசும் படிச்சுட்டுத்தான் போட்டேன். கடைசியில ஒரு வரி நானே எழுதியிருக்கேன்."

அவர் காகிதத்தைத் திருப்பினார். அச்சடித்த வரிகளுக்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தில்: 'புள்ளி வைத்த இடத்தில் மட்டும்.'

"உள்ள குடல் எட்டலேன்னா என்னம்மா பண்றது?"

"எட்டலேன்னா வேற இடத்துல வெச்சுக்குங்க. ஆனா எட்டலேன்னு நான் முழிச்சதும் நீங்களே வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். என் வீட்டுக்காரரை அனுப்பக் கூடாது."

அவர் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு படிவத்தை மூடி வைத்துவிட்டு, கை கழுவப் போனார்.

குடல் எட்டியது. மதியம் போய்ப் போர்வையை விலக்கிப் பார்த்தேன். நான் வைத்த புள்ளி இருந்த இடத்தில் சிவப்பாக, ஈரமாக, சமமான தோலின் நடுவே குடல் முனை இருந்தது.

நாலாம் நாள் முதல் தடவையாக அவரே பை மாற்றினார். திரைக்கு வெளியே கணவர் நின்றுகொண்டிருந்தார். பத்து நாளுக்கு மேலாக அவரோடு பேச்சு இல்லை. பழகியபோது இருந்தது தண்ணீர். இப்போது அப்படி இல்லை. பாதியில் கை வழுக்கி, துணியெல்லாம் ஆகி, நாற்றம் அடித்து, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதைத் துடைக்கக் கை சும்மா இல்லை.

"நான் செய்யவா?" என்றேன்.

"தொட்டா கையை ஒடிச்சுடுவேன்."

இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஆனால் கோணலில்லாமல் ஒட்டியிருந்தார்.

அன்று சாயங்காலம் கணவர் என் அறைக்கு வந்து, நின்றுகொண்டே, "எனக்கும் சொல்லிக்கொடுங்க சிஸ்டர்" என்றார்.

"உங்களுக்கு எதுக்கு?"

"அவளுக்கு உடம்பு முடியாத ஒரு நாள்ல, யாராவது மாத்தி விடணுமே."

எனக்கு அவர்மேல் இன்னும் ஆறவில்லை. சட்டையைத் தூக்கச் சொல்லி, அவர் வயிற்றிலேயே ஒரு பையை ஒட்டி, தண்ணீரில் மாவு கரைத்து ஊற்றி, "ரெண்டு நாள் இதோட வேலைக்குப் போயிட்டு வாங்க" என்றேன். தண்டனையாகத்தான் செய்தேன். அவர் மறுபேச்சு இல்லாமல் போனார்.

மறுநாளே திரும்பி வந்தார். அச்சகத்தில் குனிந்து காகிதக் கட்டை எடுத்தபோது பை விட்டுவிட்டதாம். பேண்ட் முழுக்க மாவுக் கரைசல். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்திருக்கிறார்கள். "கக்கூஸ்ல போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன் சிஸ்டர். வெளிய வரவே முடியலை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இதைப் போய் மூணு வாரம் அவகிட்ட மறைச்சேனே."

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவங்ககிட்ட சொல்லுங்க."

"பேச மாட்டேங்குறா."

"பேச வேண்டாம். நீங்க சொல்லுங்க. காது கேக்கும்ல?"

மெமோவுக்கு நான் ஒரு பக்கத்தில் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். வருந்துகிறேன் என்ற சொல் அதில் இல்லை. என் கோப்பில் ஓர் எச்சரிக்கை ஏறியது. மகள் எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கவே இல்லை. வராந்தாவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். அது அவள் பயம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கோபம் கோபம்தான்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா பரிசோதனைக்கு வந்தார். இளைத்திருந்தார். குரல் இளைக்கவில்லை. முந்தின வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். சட்டையைத் தூக்கிக் காட்டினார். சுற்றிலும் தோலில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

"அவர்கூடப் பேசுறீங்களா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, கேட்டுவிட்டேன்.

"அச்சகத்துக் கதையைச் சொன்னார். சிரிப்பு தாங்கலை, தையல் பிரிஞ்சுடும்போல ஆயிடுச்சு. அதுக்குன்னு மன்னிச்சுட்டேன்னு நினைக்காத." சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அந்த மூணு வாரம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வீட்டுல பரணை சுத்தம் பண்ணினேன். பழைய பாத்திரமெல்லாம் இறக்கித் தேய்ச்சேன். பக்கத்து வீட்டுக்காரிகூடச் சண்டை போட்டேன். என் பழைய உடம்போட நான் இருந்த கடைசி மூணு வாரம் அது. தெரிஞ்சிருந்தா பரணையா தேய்ச்சிருப்பேன்?"

நான் கையுறையைக் கழற்றினேன்.

"நீ வந்து சண்டை போட்டதால ஒரு வாரம் கையில கிடைச்சுது. அதுல ரெண்டு நாள் படுத்துக்கிட்டு அழுதேன். ஒரு நாள் தனியா வண்டியை எடுத்துக்கிட்டு, கத்துக்கொடுக்கறதுக்கு இல்லாம, எனக்காகவே ஓட்டினேன். பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓட்டினேன். யார்கிட்டயும் சொல்லலை." எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "சரி, அடுத்த மாசத்துக்கு எத்தனை பை வேணும்னு எழுதிக் கொடு. கீழ ஒரு பொண்ணு ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நடுங்கிக்கிட்டு இருக்கா."